படுகை அணைக்கு மேலும் கீழும்

சங்கராபரணி, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. செஞ்சிக்கு மேற்கே மலைகளில் பிறந்து, வழியில் தொண்டியாறு, பம்பையாறு போன்றவற்றைச் சேர்த்துக்கொண்டு, வீடூர் அணையில் சற்று நின்று, பிறகு புதுச்சேரி எல்லைக்குள் வருகிறது. மண்ணாடிப்பட்டு, வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துகளின் கழனிகளைத் தொட்டுக்கொண்டு போய் அரியாங்குப்பத்துக்குப் பக்கத்தில் கடலில் கலக்கிறது. செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் நடுவே அதன் குறுக்கே ஒரு படுகை அணை. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கட்டியது, நூறாண்டு கடந்தது. 2021 நவம்பர் வெள்ளத்தில் அது உடைந்தது.

அணை என்றதும் மேட்டூர் போலவோ சாத்தனூர் போலவோ ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. படுகை அணை என்பது ஆற்றின் தரையோடு ஒட்டி எழுப்பிய குட்டைச் சுவர். வெள்ளம் வந்தால் அதன் தலைமேல் ஏறிப் போய்விடும். வெள்ளம் வடிந்தபின் சுவருக்கு மேல்புறம் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான், அதுவும் மாசி பங்குனியில் வற்றிவிடும். ஆனால் அந்தச் சுவர் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது.

ஆற்று மணலை ஒரு குடத்தில் நிரப்பி, அதன்மேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் மணலுக்கு நடுவே எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று தெரியும். நல்ல ஆற்று மணலில் தேங்கும் நீரில் நாம் திரும்ப எடுக்கக்கூடிய பங்கு, மணலின் மொத்தக் கனஅளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மீட்டர் தடிமனுக்கு மணல் நனைந்திருந்தால் அதில் 2 லட்சம் கன மீட்டர் தண்ணீர் இருக்கிறது, அதாவது 20 கோடி லிட்டர். வெயில் அதைத் தொட முடியாது, கொசு முட்டையிட முடியாது. படுகை அணை ஆற்றின் ஓட்டத்தைச் சில வாரம் தாமதப்படுத்தி, தண்ணீர் மணலுக்குள் இறங்க நேரம் கொடுக்கிறது. மணலிலிருந்து அது இருகரை வண்டலுக்குள் பக்கவாட்டில் நகர்கிறது. கரையோரக் கிராமத்தில் ஒருவர் வைகாசியில் மோட்டார் போட்டுச் சொர்ணவாரி நெல்லுக்கு இறைக்கும் தண்ணீரில் ஒரு பங்கு, முந்தைய கார்த்திகையில் அந்தச் சுவர் தடுத்து நிறுத்தியது.

மணல் அள்ளுவதை ஏன் இத்தனை பேர் எதிர்க்கிறார்கள் என்பதற்கும் இந்தக் கணக்கே பதில். ஒரு லாரி மணல் போகும்போது, அடுத்த மழைக்காலத்தில் அது பிடித்து வைத்திருக்கக்கூடிய தண்ணீரும் கூடவே போகிறது. இன்னொன்றும் உண்டு. சுவருக்குக் கீழ்ப்புறம் ஆற்றின் தரை பள்ளமாகிவிட்டால், மேலேறி விழும் வெள்ளம் அதிக உயரத்திலிருந்து விழுந்து சுவரின் அடியைத் தோண்டும். தண்ணீர் அடித்தளத்துக்குக் கீழே வழி கண்டுபிடிக்கும். இவ்வகைச் சுவர்கள் பெரும்பாலும் நெஞ்சில் அடிபட்டு விழுவதில்லை, காலடி பறிபோய் விழுகின்றன.

இந்த அத்தியாயம் பருவநிலை மாற்றத்தில் நிலைத்து நிற்கும் விவசாயத்தைப் பற்றியது. இயற்கை உரமா ரசாயன உரமா, பாரம்பரிய நெல்லா புதிய ரகமா என்று தொடங்குவதுதான் இப்போது வழக்கம். நான் உடைந்த ஒரு சுவரில் தொடங்கியிருக்கிறேன். செல்லிப்பட்டு, திருக்கனூர், பாகூர்ப் பக்கத்து உழவரிடம் எது கெடுக்கிறது என்று கேட்டால் பதில் தண்ணீரைப் பற்றித்தான் இருக்கும். ஒரு பருவத்தில் அது வரவில்லை, அடுத்த பருவத்தில் அது போகவில்லை.

புதுச்சேரியில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்வது ஏறத்தாழ 130 செ.மீ. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை, ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள். இந்த மொத்தத்தை மட்டும் பார்க்கிறவர் பெரிதாக எதுவும் மாறவில்லை என்றுகூடச் சொல்லலாம். மாறியிருப்பது, அந்த 130 செ.மீ. எத்தனை நாளில் விழுகிறது, எந்த நாளில் விழுகிறது என்பது.

2024 நவம்பர் 30ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைத் தொட்டது. தொட்டபின் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல் மழை. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஒரே நாளில். புதுச்சேரிக் கணக்கில் ஒரு காணி என்பது நூறு குழி, 57,600 சதுர அடி. ஒரு காணியில் அன்று விழுந்த தண்ணீர் ஏறக்குறைய 25 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் இருநூறு லாரிக்கு மேல். எந்த வரப்பும் அதைத் தாங்காது, எந்த மண்ணும் ஒரே நாளில் அதைக் குடிக்காது.

மேலே போனால் கணக்கு இன்னும் கலங்க வைக்கும். அதே நாளில் வீடூர் அணைக்குப் பக்கத்திலுள்ள மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்குப் பெய்தது. வீடூர் அணையின் முழுக் கொள்ளளவு 605 மில்லியன் கன அடி, அதாவது 1.7 கோடி கன மீட்டர். 46 செ.மீ. மழை அப்படியே வழிந்தோடி வந்தால் இந்த அணையை அடியிலிருந்து நிரப்ப எவ்வளவு பரப்பு வேண்டும்? 37 சதுர கிலோமீட்டர் போதும். ஆறு கிலோமீட்டர் நீளம், ஆறு கிலோமீட்டர் அகலம் உள்ள ஒரு துண்டு நிலம். செஞ்சி மலையிலிருந்து வீடூர் வரை விரிந்த நிலத்தின் முன் அது ஒன்றுமே இல்லை. எல்லா மழையும் ஓடி வருவதில்லை, மண் ஒரு பங்கைக் குடிக்கும், ஏரிகள் ஒரு பங்கைப் பிடிக்கும் என்று கழித்துப் பார்த்தாலும், இப்படிப்பட்ட நாளில் வீடூர் போன்ற அணை வெள்ளத்தைத் தடுப்பதில்லை. வந்ததை வந்த வேகத்தில் கீழே அனுப்புகிறது. கீழே இருப்பது செல்லிப்பட்டு.

இதன் இயற்பியல் எளியது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். வங்கக் கடலின் மேற்பரப்பும் சூடாகிவருகிறது. அதிக நீராவியை ஏந்திய மேகம் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பெய்யாத நாட்களில் அதே சூடான காற்று மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் அதிக நீரை உறிஞ்சுகிறது. மழை நாட்கள் செறிவாகின்றன, இடைவெளிகள் காய்கின்றன. ஒரு குறிப்பிட்ட புயலைக் காட்டி இது பருவநிலை மாற்றத்தால்தான் வந்தது என்று சொல்வதற்குத் தனி ஆய்வு வேண்டும். சூதாட்டப் பலகையின் விதி மாறியிருக்கிறது என்று சொல்ல அந்த 7 சதவீதமே போதும்.

நாள் தவறிய மழையை உழவர்கள் இன்னும் மறக்கவில்லை. 2021 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வழக்கமில்லாத மழை. பொங்கலுக்கு அறுக்க வேண்டிய சம்பா சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அடுத்த மாதம், பிப்ரவரி 21 காலையோடு முடிந்த ஒரு நாளில், புதுச்சேரியில் ஏறக்குறைய 19 செ.மீ. மாசியில் இந்த ஊரில் தூறல் விழுந்தாலே பேச்சாக இருக்கும்.

இனி நெற்பயிருக்குள் போவோம். ஒரே அளவு வெள்ளம், அது வரும் நாளைப் பொறுத்து ஐந்து வெவ்வேறு நோய்களாகிறது.

நட்ட பத்து இருபது நாளில் வந்தால் பயிர் முழுக மூழ்கும். மூழ்கிய நெல்லுக்கு மூச்சுத் திணறுகிறது. தண்ணீரில் ஆக்ஸிஜன் மெதுவாகத்தான் பரவும், கலங்கிய வெள்ளத்தில் வெளிச்சமும் இல்லை. இலைக்குள் உருவாகும் எத்திலீன் வாயு வெளியேற வழியின்றிச் சேர்கிறது. அது செடிக்கு ஒரு செய்தி: மூழ்கிவிட்டாய், எழுந்திரு. உடனே செடி தண்டையும் இலையையும் நீட்டத் தொடங்குகிறது. நீட்ட மாவுச்சத்து வேண்டும். சேமிப்பை எல்லாம் செலவழிக்கிறது. தண்ணீர் சீக்கிரம் வடிந்தால் பிழைக்கும். ஒரு வாரத்துக்கு மேல் நின்றால், வடியும்போது நெட்டையாக, வெளிறி, கையில் எதுவும் இல்லாமல் நிற்கும் செடி அப்படியே சரிந்துவிடும்.

ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. மூழ்கினால் அது நீளவில்லை. வளர்ச்சியை நிறுத்தி, சேமிப்பைக் கட்டிக்காத்து, சும்மா கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் மிச்சத்தை வைத்துப் புதுத் தூர் விட்டது. இந்தக் குணத்தின் பின்னே உள்ள ‘சப்1’ மரபணுவை 2006இல் அறிவியலாளர்கள் அடையாளம் கண்டார்கள். எத்திலீன் சொல்லும் செய்தியைக் காதில் வாங்கவிடாமல் தடுப்பது அதன் வேலை. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பிரபலமான ரகங்களுக்குள் கலப்பு முறையில் கொண்டுவந்தது. இந்தியாவில் ‘ஸ்வர்ணா சப்1’ 2009இல் வந்தது, தமிழ்நாட்டில் ‘சி.ஆர். 1009 சப்1’ பயிராகிறது. முழுதாக மூழ்கி இரண்டு வாரம் வரை இவை தாக்குப்பிடிக்கும். தலைமுறை தலைமுறையாக ஒரு மூலை மாநிலத்தின் பள்ளக் கழனிகளில் உழவர் காப்பாற்றிய விதை, உலகின் கோடிக்கணக்கான ஏக்கருக்கான பதிலாக ஆனது. ஆழ்நீர் நெல் ரகங்கள் இன்னொரு வழியைப் பிடித்தன. அவை ஒரு நாளில் 25 செ.மீ. வரைகூட நீண்டு தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டிவிடும். சும்மா இருப்பதும் ஓடித் தப்புவதும், இரண்டுமே நெல்லுக்குத் தெரியும்.

விதைக் கடைக்காரரும் அதிகாரியும் சொல்ல மறக்கும் பகுதி இனிதான். சப்1 காப்பது தூர் கட்டும் பருவத்துப் பயிரை. பொதி கட்டும் பருவத்தில், அதாவது கதிர் தண்டுக்குள் உருவாகும்போது, மூழ்கினால் கதிரே ஊனமாகும். பெஞ்சல் வந்த நாளில் இந்தப் பகுதியின் முன்பட்டத்துச் சம்பா பெரும்பாலும் அந்தப் பருவத்தை ஒட்டித்தான் நின்றது. பூக்கும்போது கனமழை அடித்தால் மகரந்தம் கழுவிப் போகும், பதர் விழும். பால் பிடித்து மணி கனத்தபின் காற்றோடு மழை வந்தால் பயிர் சாயும். இதில் எதற்கும் சப்1 மருந்தில்லை.

ஐந்தாவது நோய் அறுவடைக்கு முன் வருவது. சாய்ந்த கதிர் ஈரத்தில் கிடந்தால் செடியிலேயே முளைத்துவிடும். நெல்மணிக்கு விதையுறக்கம் என்று ஒன்று உண்டு. முற்றிய மணி ஈரம் பட்டவுடன் முளைக்காமல் சில வாரம் தூங்க வேண்டும். அந்தத் தூக்கத்தைக் காப்பது அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன். அது குறைந்து ஜிபெரெலின் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்கினால் மணி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியைச் சுரக்கத் தொடங்குகிறது, முளை எட்டிப் பார்க்கிறது. நவரைக்கு விதைநெல்லை உடனே முளைக்கட்ட வசதியாக, விதையுறக்கம் குறைந்த ரகங்களை விரும்பும் போக்கும் உண்டு. அறுத்த நெல்லையே அடுத்த பட்டத்துக்கு விதைக்கலாம் என்பது வறண்ட தை மாதத்தில் நல்ல குணம். நனைந்த தை மாதத்தில் அதே குணம் கதிரில் முளை விடுகிறது. 2021 ஜனவரிக்குப் பிறகாவது, சம்பா ரகத் தேர்வில் விளைச்சலுக்கும் அரிசியின் நயத்துக்கும் அடுத்தபடி ‘எத்தனை நாள் தூங்கும்’ என்ற கேள்வியைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆய்வு நிலையங்களில் அதற்கான விடை இருக்கிறது, விதைப் பையின் மேல் அச்சாவதில்லை.

பாரம்பரிய நெல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நம்மாழ்வாரும் நெல் ஜெயராமனும் ஓடி ஓடிச் சேர்த்துக் கொடுத்த ரகங்களில் மடுமுழுங்கி, காட்டுயானம் போன்றவை நிற்கும் தண்ணீருக்குப் பழகியவை. அந்த மரபணுக் கருவூலம் இல்லாமல் சப்1 கதையே இல்லை. அதற்காக எல்லோரும் எல்லாக் கழனியிலும் அவற்றை நட்டால் பிரச்சினை தீரும் என்பது பாதி உண்மை. பல பாரம்பரிய ரகங்கள் உயரமானவை, புயல் காற்றில் எளிதில் சாயும். பள்ளக் கழனிக்கு ஒன்று, மேட்டுக்கு வேறொன்று என்று பிரித்து நடுவதே பழைய உழவரின் வழக்கமாக இருந்தது. ஒரே ரகம் ஊர் முழுக்க என்பது அவர்கள் கண்டுபிடித்ததல்ல.

வெப்பத்தின் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெல் பூப்பது காலையில், ஓரிரு மணி நேரம். அந்த நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் செத்துப் பதராகும். இரவு வெப்பம் இன்னும் சத்தமில்லாத எதிரி. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல் பதிவுகளை வைத்து 2004இல் வெளியான ஆய்வு, வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் விளைச்சல் 10 சதவீதம் இறங்குவதாகக் காட்டியது. பகலில் சம்பாதித்ததைச் செடி இரவில் மூச்சு விட்டே செலவழிக்கிறது. கடலோர ஊர்களில் ஈரக்காற்று இரவைக் குளிரவிடாது என்பதை இங்குள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது எதிர்த்திசையில் பார்ப்போம். பருவநிலை நெல்லை மாற்றுகிறது; நெல்லும் பருவநிலையை மாற்றுகிறது. தண்ணீர் கட்டிய சேற்றில் ஆக்ஸிஜன் தீர்ந்ததும், அது இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் மக்கிய வைக்கோலையும் வேர்க்கழிவையும் தின்று மீத்தேன் வாயுவை விடுகின்றன. அந்த வாயு பெரும்பாலும் குமிழியாக மேலே வருவதில்லை. நெல்லின் தண்டுக்குள் காற்றுக் குழல்கள் இருக்கின்றன, வேருக்குக் காற்றை இறக்கத்தான் செடி அவற்றை வைத்திருக்கிறது. மீத்தேன் அதே குழலை மாடிப்படியாக்கிக்கொண்டு ஏறி வெளியேறுகிறது. மனிதச் செயல்களால் வரும் மீத்தேனில் நெல்வயல்களின் பங்கு ஏறக்குறைய 8 சதவீதம். நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகச் சூடேற்றும்.

இதற்குச் சொல்லப்படும் தீர்வு, நம் ஊரில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று அழைக்கப்படும் முறை. எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல், வயல் காய்ந்து மயிரிழை வெடிப்பு விடும் நேரத்தில் மறுபடி பாய்ச்சுவது. பக்கவாட்டில் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலில் புதைத்து, அதற்குள் தண்ணீர் மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்ச வேண்டும். பூக்கும் வாரத்தில் மட்டும் காயவிடக் கூடாது. சேற்றில் காற்று நுழைந்தால் மீத்தேன் விடும் நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். வெளியேற்றம் பாதியளவுக்குக் குறையலாம், பாசனத் தண்ணீரும் நான்கில் ஒரு பங்கு வரை மிச்சமாகலாம். நைட்ரஜன் உரத்தை அளவுக்கு மேல் போட்டிருந்தால் காயும்போது நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பி, மிச்சத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒற்றை நாற்று நடவும் இதே குடும்பம்தான். மடகாஸ்கரில் 1980களில் ஆன்றி த லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் உழவர்களோடு சேர்ந்து வடித்தெடுத்த முறை அது. இளநாற்று, அகல இடைவெளி, தேங்காத தண்ணீர், கோனோவீடர் களையெடுப்பு.

செல்லிப்பட்டில் இதைச் செய்து பார்க்க நினைத்தால் முதலில் தடுக்குவது காலண்டர். சம்பாவில், ஐப்பசி கார்த்திகையில், காய்ச்சல் யார் கையில் இருக்கிறது? வானம் பாய்ச்சிக்கொண்டே இருக்கும். வயலைக் காயவிட வேண்டுமானால் தண்ணீர் வடிய வழி வேண்டும். ஆக இந்த முறை சொர்ணவாரிக்கும் நவரைக்கும்தான் இயல்பாகப் பொருந்தும். அங்கே இரண்டாவது தடை. அந்தப் பட்டங்களில் பெரும்பாலும் போர்த் தண்ணீர். விவசாய மின்சாரம் இலவசம், ஆனால் அது வரும் நேரம் உழவர் கையில் இல்லை. மின்சாரம் இருக்கும்போது மோட்டாரை ஓடவிட்டுப் பாய்ச்சிவிடுவதுதான் அவருக்கு அறிவார்ந்த செயல். தண்ணீரை மிச்சம் பிடித்தால் அவர் பையில் ஒரு ரூபாயும் சேராது. களை கூடும், களையெடுக்க ஆள் கூலி வேறு. இதில் உழவரைக் குறை சொல்லி எழுதும் கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. கணக்கை அவர் நம்மைவிடச் சரியாகப் போட்டிருக்கிறார்.

மூன்றாவது விஷயம் நுட்பமானது. ஆற்றங்கரை வண்டலில் வயலிலிருந்து கீழே இறங்கும் தண்ணீர் வீணாவதில்லை, அடுத்தவர் கிணற்றுக்குப் போகிறது. வயல் மட்டத்தில் மிச்சம் என்று எழுதுவதில் ஒரு பங்கு ஊர் மட்டத்தில் மிச்சமே இல்லை. உண்மையான மிச்சம் ஆவியாவதைக் குறைப்பதிலும் கடலோரத்தில் ஆழத்து நீரை எடுக்காமல் விடுவதிலும் இருக்கிறது. அரியாங்குப்பம், பாகூர்ப் பக்கத்துக் கடலோரத்தில் நல்ல நீரை இறைக்க இறைக்க உப்புநீர் உள்ளே நகர்கிறது. அங்கே சேமிக்கும் ஒரு லிட்டரும் செல்லிப்பட்டில் சேமிக்கும் ஒரு லிட்டரும் ஒன்றல்ல. திட்டம் தீட்டுகிறவர்கள் இரண்டுக்கும் ஒரே துண்டறிக்கையை அச்சடிக்கிறார்கள்.

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற சகோதரிகள் வெட்டிய வாய்க்கால் என்பது ஊர் வழக்கு. தண்ணீரைக் கொண்டுவந்தவர்களுக்கு நம் நாட்டில் கதை உண்டு, கல்வெட்டு உண்டு, சிலை உண்டு. தண்ணீரை வெளியேற்றும் வடிகாலை யாரும் பாடியதில்லை. ஆனால் 2024 டிசம்பர் 2ஆம் தேதி விடியலில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணைக் கரையை மீறிப் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தபோது, பிழைத்த பயிருக்கும் அழுகிய பயிருக்கும் நடுவே நின்றது வடிகால்தான். மூன்று நாளில் வடிந்த கழனியில் பயிர் தேறும். கதிர் கட்டும் பருவத்தில் பத்து நாள் நின்ற கழனியில் எந்த ரகமும் எந்த உரமும் உதவாது.

வடிகால் ஏன் கெடுகிறது என்பதில் மர்மம் ஏதுமில்லை. கோரையும் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொள்கின்றன. வில்லியனூரைச் சுற்றி மனைப்பிரிவுகள் வரும்போது முதலில் தூர்ந்து போவது பெயரில்லாத ஓடைகள். பண்ணை ரோட்டுக்குக் கீழே போட்ட குழாய் பழைய மழைக்கு அளந்து போட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, வடிகால் தனியொருவர் சொத்தல்ல. என் கழனியை நான் வடித்தால் அது உன் கழனியில் விழும். போர் போடுவதற்குப் பக்கத்துக் கழனிக்காரரைக் கேட்க வேண்டாம். வடிகால் வெட்ட ஊரையே கேட்க வேண்டும். கடந்த ஐம்பது ஆண்டில் நாம் செய்த முதலீடு எல்லாம் கேட்க வேண்டாத வகைப் பொருள்களில். போர், மோட்டார், விதை, உரம். பருவநிலை மாற்றம் கேட்டு வாங்க வேண்டிய வகைப் பொருள்களில் கை வைக்கிறது. ஏரி, வாய்க்கால், படுகை அணை, வடிகால்.

புதுச்சேரிக்கு இதில் ஒரு தனி அனுபவம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் பாசனத்தை நிர்வகிக்கச் சேந்திகா அக்ரிக்கோல் என்ற நிலவுடைமையாளர் சங்கங்களும், ‘கேஸ் கொம்யூன்’ என்ற பொது நிதியும் இருந்தன. நிலம் உள்ளவர்கள் செலவைப் பகிர்ந்து ஏரியையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டைப் பொற்காலமாகச் சித்திரிக்க நான் தயாரில்லை. நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் அதில் குரல் கிடையாது. போர்க்கிணறு பரவியபின் ஏரியைச் சார்ந்திருக்க வேண்டிய தேவை பெரிய நிலக்காரருக்கு இல்லாமல் போக, சங்கங்கள் தளர்ந்தன. 1999இல் தொடங்கி ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியுடன் புதுச்சேரியின் 84 ஏரிகளையும் புனரமைக்கும் திட்டம் வந்தது. தூர் வாரினார்கள், கரையை உயர்த்தினார்கள், ஏரிச் சங்கங்களை அமைத்து அவற்றில் நிலமில்லாதவரையும் பெண்களையும் சேர்த்தார்கள். வாரிய வண்டலைக் கழனிக்கு அடித்தவர்களுக்கு உரச் செலவு குறைந்தது. ஏரியின் கொள்ளளவு பேசப்பட்ட அளவுக்குக் கலிங்குக்குக் கீழே என்ன ஆகிறது என்பது பேசப்படவில்லை. நிரம்பிய ஏரியிலிருந்து வழியும் தண்ணீருக்கும் ஒரு முகவரி வேண்டும்.

மண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மட்கு நிறைந்த மண் பஞ்சாகும், மழையைக் குடிக்கும் வேகம் கூடும், காயும் நாட்களில் ஈரத்தை விடாது. சொர்ணவாரிக்கும் சம்பாவுக்கும் நடுவே தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுது சேடை ஓட்டுவது இந்தப் பகுதிக்குப் பழக்கமான வேலை. தக்கைப்பூண்டு நின்ற தண்ணீரையும் ஓரளவு உப்பையும் தாங்கும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவரும். சம்பா அறுக்கும் முன்பே ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிட்டால் பனியிலும் மிச்ச ஈரத்திலுமே அது விளைந்துவிடும். ஒரு நவரை நெல்லுக்கு இறைக்கும் தண்ணீர் தரைக்குக் கீழேயே இருக்கும். பெரிய பெல்ட் வண்டி வந்து ஈர வயலை மிதித்து அறுக்கும் இக்காலத்தில் தெளித்த உளுந்து நசுங்குகிறது என்கிறார்கள். அது உண்மைதான். வண்டி போனபின் விதைத்தால் ஈரம் போதவில்லை. இயந்திர அறுவடைக்கு ஏற்ற உளுந்து விதைப்பு எப்படி என்பது சின்ன ஆராய்ச்சி, ஆனால் இந்த மண்ணுக்கு ஒரு புது நெல் ரகத்தைவிட அது அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

பயிர் மாற்றம் என்று சொல்வது எளிது. செல்லிப்பட்டுக்கு அருகே லிங்காரெட்டிபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஓடிய காலத்தில் இந்தப் பகுதியெங்கும் கரும்பு. கரும்பு வெள்ளத்தை நெல்லைவிடத் தாங்கும், தண்ணீரையும் நெல் அளவுக்குக் கேட்கும். ஆலை நின்றது; கரும்பும் சுருங்கியது. அதில் பருவநிலைக்குப் பங்கே இல்லை. சிலர் சவுக்குக்குப் போனார்கள், ஆள் வேலை குறைவு என்பதால். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது சவுக்கும் முந்திரியும் பலாவும் படுத்ததைப் பார்த்தவர்களுக்கு, எந்தப் பயிர் ‘பாதுகாப்பானது’ என்று அறிவுரை சொல்பவரிடம் கேட்கச் சில கேள்விகள் இருக்கும்.

முன்னறிவிப்பும் ஓர் இடுபொருள்தான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாக வைத்து, கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கணினியில் இறக்கிய அலை உயரக் கணிப்பை வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் படித்துக் காட்டினார்கள். செல்பேசி எல்லோர் கையிலும் வரும் முன்பு நடந்தது அது. இன்று வானிலைத் துறை வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், வேளாண் வானிலை அறிக்கை தருகிறது. ஐந்து நாளில் கனமழை என்று தெரிந்தால் யூரியா போடாமல் நிறுத்தலாம், முற்றிய கதிரை இரண்டு நாள் முன்னதாக அறுக்கலாம். ஊரில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் அறுக்க நினைத்தால் அறுவடை இயந்திரம் எத்தனை, ஈர நெல்லைக் காயவைக்கக் களம் எத்தனை என்ற இடத்தில் முன்னறிவிப்பு முட்டி நிற்கிறது. நெல் உலர்த்தும் இயந்திரம் ஒன்று கொம்யூனுக்குச் சொந்தமாக இருந்தால் 2021 ஜனவரி போன்ற ஒரு மாதத்தில் அது தன் விலையை மீட்டுவிடும்.

புதுச்சேரி ஒரே துண்டான நிலமல்ல. விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடக்கிறது. வயலில் நடந்து போகும்போது ஒரு வரப்பு புதுச்சேரி, அடுத்த வரப்பு தமிழ்நாடு. வீடூர் அணை தமிழ்நாட்டில் இருக்கிறது. அதன் பாசனத்தில் தமிழ்நாட்டுக்கு 2,200 ஏக்கர், புதுச்சேரிக்கு 1,000 ஏக்கர் என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். பாசனம் ஏக்கரில் பிரிவதுபோல் வெள்ளம் பிரிவதில்லை. ஒரு மாநிலத்தில் தூர் வாரிய ஓடை எல்லை தாண்டியதும் புதருக்குள் போய் முட்டினால் வாரிய கூலி தண்டம். சித்திரையும் வைகாசியும்தான் வடிகால் வேலைக்கு ஏற்ற மாதங்கள். ஆறு மணலாகக் கிடக்கும், பொக்லைன் கழனிக்குள் இறங்கும், சொர்ணவாரி எல்லோரும் போடுவதில்லை. வரப்பின் இரு பக்கத்து ஊர்களும் அந்த இரண்டு மாதத்துக்குள், காணிக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, கலிங்கிலிருந்து ஆறு வரைக்கும் ஒரே ஓடையாக வெட்டி முடிப்பதற்கு இரண்டு அரசுகளின் அனுமதி வேண்டும். பொக்லைன் வாடகையைவிட அதைப் பெறுவதுதான் கடினம்.